ஆணம் கூடுமா: ஒரு பாட்டும் மாமியின் கருங்கோழியும்

மாமியின் கருங்கோழிக்கு இடது காலில் ஒரு பச்சைத் துணித்துண்டு கட்டியிருந்தது. சாய்ந்தமருதுவில் வளவுக்கு வளவு மதில் கட்டியிருக்கிறோம் என்றாலும் கோழிகள் மதிலை மதிப்பதில்லை. அதனால் எங்கள் குறிச்சியில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கோழியின் காலில் ஒரு நிறத்துணியைக் கட்டிவிடுவார்கள். எதிர்வீட்டுக் கோழிக்குச் சிவப்பு, பின்வளவுக் கோழிக்கு மஞ்சள், எங்களுக்குப் பச்சை. அந்தப் பச்சை என் கலியாணத்துக்கென்று மருதமுனையில் எடுத்த இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரனின் கரையிலிருந்து கிழிக்கப்பட்டது. சாரனைக் காணவில்லையே என்று ஒரு கிழமையாக அலுமாரியைப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஒரு காலை வேளையில் அது முற்றத்தில் நடந்து போவதைக் கண்டேன். அதைப்பற்றி மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொன்னால், எங்கள் பாட்டு எப்படி வந்தது என்பதையும் சொன்னதாகிவிடும்.

பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லை என்றாலும் உங்கள் தெருவில் போன ஆட்டோ உங்களைக் கேட்க வைத்திருக்கும். ‘ஆணம் கூடுமா’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு கலியாண வீடுகளிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் கல்முனையிலிருந்து புறப்படுகிற எல்லா பஸ்களிலும் ஓடியது. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பொடியன்கள் ஒரு சொல்லும் விளங்காமலே அதற்கு ஆடி, அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். குழம்பை நாங்கள் ஆணம் என்போம் என்பதே தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் பாடினார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எங்கள் பாட்டுக்காரன் நாளுக்கு மூன்று தடவை போனில் எனக்குச் சொல்வான். கொழும்பு வானொலி ஒன்றில் எங்களைக் கூப்பிட்டு, ‘இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது?’ என்று கேட்டார்கள். கடற்கரையில் தனியாக இருந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது என்று நான் சொன்னேன். அலையைப் பார்த்து நான் ஒரு வரியும் எழுதியதில்லை. அலையைப் பார்த்தால் எனக்கு நித்திரைதான் வரும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. அதே வளவில் பின்பக்கம் ஒரு அறையும் குசினியுமாகப் பெண்ணின் தாய் ஒதுங்கிக்கொள்வார். ஆக, மருமகனும் மாமியும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரே அடுப்புச் சோற்றைத் தின்று, ஆயுள் முழுவதும் ஒரே வளவுக்குள் இருக்கிறார்கள். இத்தனை நெருக்கத்தில் மரியாதை கெட்டுவிடக் கூடாதென்று அந்தக் கால ஆட்கள் ஓர் ஏற்பாடு செய்து வைத்தார்கள். மாமிக்காரி மருமகனோடு முகத்துக்கு நேரே கதைக்க மாட்டார். அவன் வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். இந்தக் காலத்து மாமிகள் மருமகன்மாரோடு சேர்ந்து செல்பி எடுக்கிறார்கள். என் மாமி அந்த வகை இல்லை. நான் அந்த வீட்டுக்குப் போன நாள் முதல் அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்ததை விடக் கதவின் பின்னால் அசைந்த முக்காட்டு நுனியைப் பார்த்ததுதான் அதிகம்.

கதைக்க மாட்டார் என்றேனே தவிர, சொல்லமாட்டார் என்று சொல்லவில்லை. என் மனைவி வீட்டில் இருக்கும்போது எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அவள் வழியாக வரும். நான் இரண்டடி தூரத்தில் சோறு தின்றுகொண்டிருப்பேன். கதவுக்குப் பின்னாலிருந்து, “புள்ள, அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் வேணுமா எண்டு கேளுங்க” என்று குரல் வரும். மனைவி என்னைப் பார்ப்பாள். “போதும் எண்டு சொல்லுங்க” என்பேன். “போதுமாம்” என்பாள். மூன்று பேருக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும். ஆனாலும் தபால் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். சிக்கல் என்னவென்றால் என் மனைவி பாடசாலை ஆசிரியை. விடிந்தால் போனாள் என்றால் பின்னேரம்தான் வருவாள். நானோ ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். லீவு போடுவதில் சூரன். மனைவி இல்லாத அந்த நேரங்களில் எனக்குச் சொல்ல வேண்டியதை மாமி கோழிக்குச் சொன்னார்.

அவர் கோழிக்குச் சொல்லும் விதமே தனி. குசினி வாசலில் நின்று, முற்றத்தைப் பார்த்தபடி, எனக்குக் கேட்கும் சத்தத்தில், ஒரு தாளத்தோடு சொல்வார். “ஏ கோழி, விடிஞ்சாப் போறாய், பொழுது பட்டா வாறாய், ஊடென்ன உனக்கு வாடியா?” என்பார். ஊடு என்றால் வீடு; மீன்பிடிக்காரர் கடற்கரையில் சாமான் போட்டுவைத்துப் படுத்தெழும்பும் கொட்டிலைத்தான் வாடி என்போம். அந்தக் கோழி வளவை விட்டு அன்றைக்கு நகர்ந்தே இருக்காது. “திறந்த கேட்ட ஆர் சாத்துற? திண்ட பீங்கான ஆர் எடுக்கிற?” என்பார். கோழி தலையைச் சரித்து அவரைப் பார்க்கும். நான் எழும்பிப் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து பீங்கானை எடுத்து வைப்பேன். ஒரு கோழிக்காக இவ்வளவு தூரம் நடப்பவன் அந்தக் குறிச்சியில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஊர் முழுக்க அப்படித்தான் என்று. பக்கத்து வீட்டில் ஆட்டுக்குச் சொன்னார்கள். மூலை வீட்டில் கோழியும் ஆடும் இல்லாததால் தண்ணீர்த் தாங்கிக்குச் சொன்னார்கள்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் ‘எட்டாம் குறிச்சி’. பெரிய குழு என்று நினைத்துவிடாதீர்கள், மூன்று பேர். நான் கீபோட் வாசித்துப் பாட்டெழுதுவேன். பாட்டுக்காரன் என் சிறுவயதுக் கூட்டாளி, மீன் கூலர் லொறி ஓட்டுகிறவன். லொறிக்குள் இருந்து பாடிப் பழகியதால் அவனுக்கு மெதுவாகப் பாடத் தெரியாது. கிற்றார் வாசிக்கிறவன் மருதமுனையில் துணிக்கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றபிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவோம். என் வீட்டு விறாந்தை என்றால் மாமியின் வளவு விறாந்தை. பாட்டு கூத்து என்று மாமிக்கு அவ்வளவு பிடிப்பில்லைதான். ஆனால் மௌலவிமார் சொல்கிற மார்க்கக் காரணம் எதையும் அவர் சொன்னதில்லை. எங்கள் சத்தத்தில் கோழி முட்டையிட மறுக்கிறது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. அதையும் கோழிக்குத்தான் சொன்னார்: “பாவம், உனக்கு எங்க மனம் வரும்?”

அந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் ஒரு மெட்டு இருந்தது, சொல் இல்லை. நிலா, கடல், காதல் என்று நான் எழுதிக் காட்டியதையெல்லாம் பாட்டுக்காரன் வாசித்துவிட்டு, “மச்சான், இது ஆரும் எழுதலாம்” என்று திருப்பித் தந்தான். அவன் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவன் சொன்னது சரி. கரண்டும் நின்றுவிட்டது. வேலை இல்லாமல் மூவரும் ஒரு பீங்கானில் கிடந்த மிச்ச வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை யோசித்தாலும் கையில் கிடைத்த கரண்டியால் பீங்கானின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பேன். சோற்றுக்கு இருந்தாலும் அதே தட்டல். அன்றைக்கும் தட்டினேன். குசினி வாசலிலிருந்து மாமி கோழிக்குச் சொன்னார்.

“ஏ கருங்கோழி, பீங்கானில தட்டினா ஆணம் கூடுமா?”

நான் தட்டலை நிறுத்திவிட்டேன். பாட்டுக்காரன் நிறுத்தவில்லை. என் கையிலிருந்த கரண்டியைப் பறித்து அதே தாளத்தில் தட்டி, அந்த வசனத்தை அப்படியே பாடினான். ஒரு தரம், இரண்டு தரம். கிற்றார்க்காரன் எழும்பி நின்றுவிட்டான். மெட்டு அந்தச் சொற்களுக்காகவே காத்திருந்ததுபோல் ஒட்டிக்கொண்டது. நான் தடுத்திருக்க வேண்டும். இது மாமி எனக்குச் சொன்னது, கூட்டத்துக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பேனையை எடுத்து, வாடி, கேட், பீங்கான் என்று பதினொரு வருஷமாக என் காதில் சேர்ந்திருந்ததையெல்லாம் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். என் பெயரில் வெளிவந்த அந்தப் பாட்டில் என்னுடைய சொல் என்று இருந்தது ‘ஓ’ என்ற நீட்டல் ஒன்றுதான். அதையும் பாட்டுக்காரன்தான் போட்டான் என்று இப்போது சொல்லித் திரிகிறான்.

கல்முனையில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரின் அறையில், சுவருக்கு மெத்தைகளைச் சாத்தி வைத்துப் பாட்டைப் பதிவு செய்தோம். மனைவிக்குப் போட்டுக் காட்டியபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “இது உம்மாட சொல்லு. உம்மாக்குத் தெரிஞ்சா அவ எப்பிடி ரோட்டில இறங்குற? ஊரெல்லாம் உம்மாவப் பார்த்துச் சிரிக்கும். நீங்க எப்பிடி இந்த ஊட்டுக்குள்ள இரிக்கிற?” என்று கேட்டாள். நான் யாருக்கும் தெரியவராது என்றேன். பாட்டில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் கோழி; கோழி எங்கேதான் இல்லை என்று வாதாடினேன். அன்றைக்கு அவளும் கோழியைத்தான் பார்த்தாள்.

அந்த வாதத்தை நானே கெடுத்தேன். வீடியோவை நற்பிட்டிமுனை வயல் வரம்பில் எடுப்பதென்று முடிவானது. பாட்டுக்கு ஒரு கோழி வேண்டும். பாட்டுக்காரன் கொண்டுவந்த வெள்ளைக் கோழி கமராவைக் கண்டதும் வயலுக்குள் ஓடிவிட்டது. கருங்கோழி என்று பாடிவிட்டு வெள்ளைக் கோழியைக் காட்டுவது முறையில்லை என்று கிற்றார்க்காரனும் சொன்னான். மாமி மையத்து விழுந்த வீடொன்றுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்த நேரம், நான் போய்க் கருங்கோழியை ஒரு மீன்பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். சனங்களுக்கு நடுவிலேயே வளர்ந்த கோழி அது. வரம்பில் நடக்கச் சொன்னால் நடந்தது, தலையைச் சரித்துப் பார்க்கச் சொன்னால் பார்த்தது. அதைப்போல ஒழுங்காக நடித்தவர் எங்கள் மூவரில் ஒருவரும் இல்லை. எல்லாம் முடித்துக் கோழியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, மாமி வீட்டுக்கு வந்து தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என்னவோ கேட்க வாயைத் திறந்தார். மனைவி இல்லை, கோழியும் என் பெட்டிக்குள். கேட்பதற்கு ஆளில்லாமல் குசினிக்குள் போய்விட்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாட்டு வெளியாகி இரண்டு நாளில், பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போது பின்வளவுப் பெரியவர் என் தோளில் கைபோட்டு, “மாமிட கோழி நல்லா நடிச்சிரிக்கி” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழியின் காலில் கட்டிய துணியை அவிழ்க்க மறந்திருந்தேன். வரம்பில் அது நடக்கும் இடத்தில் கமரா அந்தக் காலைத்தான் பெரிதாகக் காட்டுகிறது. வேறு நாட்டில் பார்ப்பவருக்கு அது ஏதோ அலங்காரம். எங்கள் குறிச்சியில் அது வீட்டு இலக்கம். மாமிதான் போன் பார்க்கிறவர் இல்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீதியில் பாட்டு கேட்கும்போதெல்லாம் கதவின் பின்னால் முக்காடு அசைகிறதா என்று பார்ப்பேன். அசையாது. கோழிக்குச் சொல்வதும் வழக்கம்போல நடந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கரண்டி, பீங்கான், ஆணம் என்ற பேச்சு மட்டும் அதன்பின் வரவில்லை. நான் எவ்வளவு தட்டினாலும் வரவில்லை.

அடுத்த மாதம் மருதமுனையில் மாமியின் காக்கா மகளுக்குக் கலியாணம்; அண்ணனைத்தான் காக்கா என்போம். ஆண்களுக்கு முன்பந்தலில் சாப்பாடு. ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் பெரிய தட்டமான சவனில் சோறு வந்தது. பெண்கள் உள்ளே. பந்தலில் எங்கள் பாட்டை நாலாவது தடவையாகப் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, “பாட்டெழுதினவர உள்ளுக்கு வரட்டாம்” என்றாள். போனேன். பெரிய அறை நிறையப் பெண்கள். நடுவில் மாமியின் மதினி, அதாவது காக்காவின் மனைவி, கலியாண வீட்டுக்காரி, கதிரையில் இருந்தார். இந்த மதினிக்கும் மாமிக்கும் முப்பது வருஷமாக ஒரு போட்டி. மாமி பெருநாளுக்கு ஒரு வட்டிலப்பம் அவித்தால் மதினி இரண்டு அவிப்பார். மாமி ஓரத்தில், சுவரோடு சுவராக நின்றார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையில், எல்லாம் வெளியாகிவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

மதினி எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத் தொடங்கினார். “தம்பி, நீங்க சொல்லுங்க. இந்தப் பாட்டு என்ட சொல்லுதானே? நான் என்ட கோழிக்கு இப்பிடித்தான் ஏசுற. நீங்க நோன்பு பெருநாளுக்கு வந்து கேட்டிட்டுப் போய்த்தான் எழுதினீங்க. நான் இவங்களுக்குச் சொன்னா நம்புறாங்க இல்ல.” அறையில் பாதிப்பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். எனக்கு அந்தக் கணத்தில் ஒரு நிம்மதி வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாமியின் மானம் தப்பும். நானும் வீட்டுக்குள் இருக்கலாம். மதினிக்கும் சந்தோஷம். வாயைத் திறந்துவிட்டேன்.

“வீடியோவில நிக்கிறது ஆர்ர கோழி மதினி?” என்று மாமியின் குரல் வந்தது.

மதினி கொஞ்சமும் தளரவில்லை. கோழியை ஆரும் பிடித்துக்கொண்டு வரலாம், சொல் தன்னுடையது என்றார். தன் கோழியும் பீங்கானைத் தட்டும் என்றார். மாமி சுவரை விட்டு நடுவுக்கு வந்தார். “பாட்டில கேக்குறது கரண்டிச் சத்தம். கோழி கரண்டியால தட்டுமா மதினி?” என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தாலே வென்றிருப்பார். ஆனால் தன்னுடைய சொல்லை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போவதை அவரால் தாங்க முடியவில்லை. அதைத் திருப்பி வாங்க வேண்டுமானால், எங்கள் கரையில் எந்த மாமியும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னார்.

“நான் கோழிக்குச் சொல்லல்ல. இவருக்குத்தான் சொன்ன. பதினொரு வருஷமா எல்லாம் இவருக்குத்தான் சொன்ன.” பிறகு, முக்காட்டை இழுக்காமல், என் முகத்தை நேரே பார்த்து, “மருமகன், நீங்களே சொல்லுங்க. அது ஆர்ர சொல்லு?” என்றார்.

அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அது. என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “உங்கட சொல்லுதான் மாமி. எனக்குத்தான் சொன்னீங்க” என்றேன். மாமி என்று அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அதன்பிறகு அந்த அறையில் எழும்பிய சிரிப்பு பந்தல் வரைக்கும் கேட்டதாம். ஊர் சிரிக்கும் என்று என் மனைவி பயந்தது சரியாகிவிட்டது. ஆனால் யாரும் மாமியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கோழியை, ஆட்டை, தண்ணீர்த் தாங்கியை நினைத்துச் சிரித்தாள். மதினியும் சிரித்தார், சற்றுப் பிந்தி. மாமிக்கு இரண்டு வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தார்கள்.

என் பிரச்சினை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, எங்கள் குழுவின் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. நேரே கதைக்கத் தொடங்கிய மாமி, மிக மிக மரியாதையாகக் கதைத்தார். முகத்துக்கு நேரே மருமகனை ஏசுவது எப்படி? “மருமகன், தேத்தண்ணி வெச்சிரிக்கன்.” “மருமகன், மழ வரும் போல.” அவ்வளவுதான். கோழிக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார். இனி அதை யார் நம்புவார்கள்? குசினி வாசலில் கோழி வந்து நின்று தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுப் போகும். வானொலிக்காரர் அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விறாந்தையில் நாங்கள் மூன்று பேரும் மெட்டை வைத்துக்கொண்டு குசினிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். நிலா, கடல், காதல் என்று மறுபடி எழுதத் தொடங்கினேன்.

பாட்டுக்காரன் ஒரு யோசனை சொன்னான். “மச்சான், அவக்குக் கோவம் வாற மாதிரி ஏதாவது செய்டா. குழுவுக்காகச் செய்.” செய்தேன். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டேன். பைப்பைத் திறந்துவிட்டுப் போனேன். கேட்டை அகலத் திறந்து வைத்து, வீதியில் திரிந்த மாடு ஒன்று வந்து மாமியின் கறிவேப்பிலைக் கன்றைத் தின்னும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி வந்தார், கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரவாயில்ல மருமகன், அது துளிர்க்கும்” என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பாட்டு கிடைக்கவில்லையே என்பதால் மட்டும் இல்லை. கோழியைச் சாட்டி ஏசிய காலத்தில் நான் அந்த வீட்டு ஆளாக இருந்தேன். இப்போது விருந்தாளிக்குச் சொல்வதுபோல எனக்குப் பரவாயில்லை சொல்கிறார். அவர் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. அவருடைய ஏச்சு இல்லாமல் போய்விட்டது. எது வேண்டுமென்று யாராவது கேட்டிருந்தால் நான் ஏச்சைத்தான் கேட்டிருப்பேன்.

மாரி மழை தொடங்கிய நேரம், அக்கரைப்பற்றில் ஒரு நிகழ்ச்சி. திறந்த மேடை. மழையில் நனைந்து அந்த ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்துவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்தேன். மனைவிக்குச் சொன்னால் பாடசாலைக்குப் போகாமல் நிற்பாள் என்று ஒன்றும் இல்லை என்றேன். அவள் போனபிறகு, உடம்பு கொதிக்கிறதே என்று கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினேன். மூன்றாவது வாளியில் கால் தள்ளாடியது. அப்படியே கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாமி ஓடிவந்தார். முக்காடு தோளில் கிடந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வந்தது. “உங்களுக்கென்ன மனே, விசரா?” என்று தொடங்கினார். விசர் என்றால் பைத்தியம், மனே என்றால் மகனே. எங்கள் உம்மாமார் பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் சொல். பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்தது மாதிரி, என்னைத் துவட்டியபடி, விறாந்தைக்கு நடத்திக் கொண்டுபோனபடி, போர்வையை இழுத்துப் போர்த்தியபடி, மூச்சு விடாமல் ஏசினார். முதல் வரியைத்தான் இங்கே தருகிறேன். மிச்சத்தைத் தரமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: ‘ஆணம் கூடுமா’ அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஒவ்வொரு வரியும் தானாகத் தாளத்தில் வந்து விழுந்தது. இரண்டாவது வரியும் நாலாவது வரியும் ஒரே ஓசையில் முடிந்தன. போர்வைக்குள் என் விரல் கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கிவிட்டது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். குரல் உடைந்து அவர் கொத்தமல்லி அவிக்கப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காய்ச்சலிலும் கிடந்ததில்லை.

எங்கள் குழுவிடம் இன்னும் அந்த ஒரே பாட்டுத்தான் இருக்கிறது. பாட்டுக்காரன் புத்தகம் வாசிக்கிறவன் இல்லை, அதனால் இதை எழுதுவதில் பயமில்லை. அந்தக் காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் அவன் ஒரு பை தோடம்பழத்தோடு பார்க்க வந்தான். சுகம் விசாரித்தான். பிறகு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கிட்டக் குனிந்து கேட்டான்.

“மச்சான், இவ்வளவு நடந்திரிக்கி. மாமி ஒண்டும் சொல்லல்லயா?”

“இல்லடா” என்றேன். “பரவாயில்ல எண்டுதான் சொன்னா.”